ஓம உப்பு போட்ட மாதம்

தேனீக்காரர்களிடம் எல்லாரும் கொட்டுவதைப் பற்றித்தான் கேட்பார்கள். வேலை முடிந்து போகும்போது உடம்பில் என்ன வாசனை ஏறி வீட்டுக்கு வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈரச்சந்தையில் மீன் வெட்டுகிறவராக, சலூனில் தலைக்குச் சாயம் பூசுகிறவராக, மருத்துவமனையில் தரை துடைக்கிறவராக நீங்கள் இருந்தால், கதவைத் திறந்ததும் வீட்டார் முகம் ஒரு கணம் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் வீட்டில் பால்குடிக் குழந்தை இருந்தால் இது உங்களுக்காகவே எழுதியது.

மொட்டைமாடிகளிலும் சமூகத் தோட்டங்களிலும் தேன்பெட்டி வைத்துப் பராமரிக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. முதலாளி மிஸ்டர் கோ, வேன் ஓட்டி என்னோடு பெட்டி திறக்கும் கலா, அப்புறம் நான். மொத்தமே மூன்று பேர். என் மகள் தன்யாவுக்கு ஆறு மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்பினேன். திரும்பிய அதே வாரம் பாலிகிளினிக்கில் அவளை எடை போட்டார்கள். தாதி அட்டையில் ஒரு புள்ளி வைத்தார். அது இருக்கவேண்டிய கோட்டுக்குக் கீழே இருந்தது. "நாலு வாரம் கழிச்சு வாங்க. ஏறலைன்னா டாக்டர் பார்க்கணும்" என்றார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே என் கணவர் பிரகாஷிடம் சொல்லிவிட்டேன், நாலு வாரத்தில் எடை ஏறாவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று. அவர் பிள்ளையின் காலுறையைச் சரிசெய்தார்.

பயம் வந்தால் நோட்டில் ஓரம் விட்டுக் கோடு கிழித்து, தேதி போட்டு எழுதி வைப்பேன். கான்வென்ட் பழக்கம். தன்யா தூங்கியபிறகு அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்த நாலு வாரக் கதை மட்டும்.

நாற்பதாயிரம் பிள்ளைகள்

மிஸ்டர் கோ எனக்குக் கொடுத்த வேலை உண்ணி ஒழிப்பு. தேனீயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் பூச்சி அது. குண்டூசித் தலை அளவு, செம்பழுப்பு நிறம், பார்க்கக் குட்டி நண்டு மாதிரி. மெழுகு மூடிய அறைக்குள் தேனீப் புழுவோடு புகுந்துகொண்டு அங்கேயே குடும்பம் நடத்தும். நம் ஊர்த் தேனீக்கள் அதைக் கடித்துத் தள்ளிவிடும். நாங்கள் வளர்ப்பது வெளிநாட்டு இனம், அவற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கவனிக்காமல் விட்டால், பிறக்கிற குட்டிகள் சுருங்கிய இறகோடு வெளியே வந்து தரையில் நடந்தே சாகும். இதைப் பிரசவத்துக்கு முன்னால் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறை பார்த்துவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ரசாயனப் பட்டை பிடிக்காது. செடியில் கிடைக்கிற மருந்துதான் வேண்டும். அதில் முதலிடம் ஓம உப்புக்கு. ஓமத்திலிருந்து எடுக்கிற வெள்ளைப் படிகம் அது. எண்ணெயில் கரைத்து, பஞ்சில் நனைத்து, பெட்டிக்குள் சட்டங்களின் மேல் வைத்தால் அந்த ஆவியில் உண்ணி உதிரும். வழக்கமாக வரவழைக்கிற சரக்கு தாமதமாகிவிட்டதால், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில் இருக்கும் நாட்டுமருந்துக் கடையில் போய் நின்றேன்.

"அரைக் கிலோ ஓம உப்பு வேணும்ணே."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தங்கச்சி, இதுல கடுகளவு எடுத்தாலே ஒரு வீட்டுக்குப் போதும். வீட்ல எத்தனை பிள்ளைங்க?"

"வீட்ல ஒண்ணு. புக்கிட் மேராவுல ஒரு பெட்டிக்கு நாற்பதாயிரம்."

தேனீ என்று நான் விளக்குவதற்குள் அவர் உள்ளே போய், பெரிய கண்ணாடி ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேசையில் வைத்தார். முகத்தில் உண்மையான கவலை. "எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல வயித்துவலியா, இல்ல ஒண்ணு அழுதா மத்ததும் சேர்ந்து அழுவுதா?"

பவுடர் குளியல்

புக்கிட் மேராவில் பல மாடிக் கார்பார்க்கின் உச்சியில் ஒரு காய்கறித் தோட்டம் இருக்கிறது. கீரையும் கத்தரியும் தொட்டிகளில் வரிசையாக. ஓரத்தில் எங்கள் ஒன்பது பெட்டிகள். தோட்டத்தைக் கவனிக்கும் சிவாவுக்கு முப்பது வயதிருக்கும். தேனீ என்றால் உயிர், ஆனால் பத்தடி தள்ளி நின்றுதான் அந்த உயிரைக் காட்டுவார்.

மருந்து போடுமுன் எத்தனை உண்ணி இருக்கிறது என்று தெரியவேண்டும். அரைக் கிண்ணம் தேனீக்களை ஜாடியில் அள்ளி, வலை மூடி போட்டு, ஐசிங் சுகர் என்ற சர்க்கரை மாவு இரண்டு கரண்டி தூவி, ஜாடியைக் கையில் மெல்ல உருட்ட வேண்டும். மாவு ஒட்டியதும் உண்ணிக்குப் பிடி நழுவிவிடும். பிறகு வெள்ளைத் தட்டில் மாவை உதறினால் உண்ணிகள் மட்டும் விழும், தேனீக்கள் உள்ளேயே இருக்கும். தட்டைப் பார்த்தேன். பதினெட்டு. மூன்று இருந்தாலே நாங்கள் யோசிப்போம்.  நான் நோட்டில் 18 என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த வாரம் எந்த எண்ணைப் பார்த்தாலும் தாதி அட்டையில் வைத்த புள்ளிதான் நினைவுக்கு வந்தது.

மாவு பூசிய தேனீக்களை வாசலில் கொட்டினோம். வெள்ளை வெள்ளையாக, ரோஷத்தோடு, ஒவ்வொன்றாக நடந்து உள்ளே போயின. மற்றவை ஓடிவந்து அவற்றை நக்கிச் சுத்தம் செய்தன. பத்தடி தள்ளி நின்ற சிவா கேட்டார், "குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. பேனை மட்டும் எங்கிட்ட காட்டுறீங்க. நான் என்ன மாமியாரா?"

செடிதானே

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். ஓம உப்பு எவ்வளவு, எப்போது என்று ஒரு துண்டறிக்கை வைத்திருந்தோம். அதை எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். அங்கே ஓம உப்பு மெல்ல மெல்ல ஆவியாகும். இங்கே கார்பார்க் உச்சியில் மத்தியான சிமெண்டில் வெறுங்காலை வைத்தால் தோல் உரியும். நான் பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி துண்டறிக்கையில் போட்ட அளவை அப்படியே எடுத்தேன். போதாதோ என்ற பயத்தில் ஒரு கரண்டி கூடவும் சேர்த்தேன். சாயங்காலம் வரை பொறுக்கலாம் என்று கலா சொன்னாள். ஆறு மணிக்குள் தன்யாவைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து எடுக்க வேண்டும். அதனால் பிற்பகல் இரண்டு மணிக்கே வைத்துவிட்டேன். "செடிதானே கலா, பிள்ளைக்கே கொடுக்கிறோம்" என்றும் சொன்னேன்.

இருபது நிமிடத்தில் தேனீக்கள் வெளியே வரத் தொடங்கின. வாசலில் கொத்துக் கொத்தாக, பெட்டியின் முன்பக்கம் முழுக்க, தாடி முளைத்தது போலத் தொங்கின. உள்ளே இருந்தவை வாசலை நோக்கி நின்று இறகால் விசிறி ஆவியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. எட்டுப் பெட்டியிலும் இதே கதை. ஒன்பதாவது பெட்டியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்து போடாமல் விட்டிருந்தோம். அது மட்டும் எதுவும் நடக்காதது போல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையாலேயே பஞ்சுகளை அள்ளி எடுத்தேன். புழு அறைகளைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். சில குட்டிகளைத் தாதித் தேனீக்களே வெளியே இழுத்துப் போட்டிருந்தன.

ராணிகள் எல்லாம் பிழைத்திருந்தன. நிழல்வலை கட்டி, மூடிகளைச் சற்றுத் தூக்கி வைத்து, பாதி அளவை அன்று சாயங்காலம் கலாவும், அடுத்த முறைகளில் வெயில் ஏறுமுன் நானும் வைப்பதாக முடிவு செய்தோம். நான் இன்னும் அழுதுகொண்டிருந்தேன். கலா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "செடிதானேன்னு சொன்னியே அனி. மிளகாயும் செடிதான் லா."

முகம் திருப்பியவள்

அன்று ஆறரை மணிக்குச் செம்பவாங்கில் எங்கள் வீட்டுச் சோபாவில் தன்யாவை மடியில் எடுத்தேன். குளித்து, உடை மாற்றித்தான் எடுத்தேன். பசியில் வாயைத் திறந்துகொண்டு வந்தவள், மார்பருகே வந்ததும் நின்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். மறுபடி வைத்தேன், மறுபடி திருப்பினாள். என் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டு அழுதாள்.

மறுநாளும் அதே. மூன்றாம் நாளும் அதே. பராமரிப்பு நிலையத்துப் புத்தகத்தில் "பாதிப் பால் குடித்தாள்" என்று எழுதியிருந்தார்கள். பாட்டிலில் கொஞ்சம் போகிறது, பிரகாஷ் கொடுத்தால் இன்னும் கொஞ்சம். என்னிடம் மட்டும் இல்லை. இதற்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தோன்றியது. விட்டுவிட்டு வேலைக்குப் போனதற்குக் கோபம். என்னை விலக்கிவைத்துவிட்டாள். ஆறு மாதக் குழந்தை அப்படியெல்லாம் நினைக்காது என்று நீங்கள் சொல்லலாம். அந்தச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அந்த மூன்றாம் நாள் பிரகாஷ் கப்பல்பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பூட்ஸைக் கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டார். இன்ஜின் சத்தத்தைக் கேட்பது போல. பிறகு சொன்னார், "பசியிலதான் அழறா அனி. பசி நல்லா இருக்கு. இருக்கறதை முதல்ல எழுதிக்க."

பாக்கியம் ஆன்ட்டியின் பாட்டில்

ஈசூனில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே சமூகத் தோட்டம், அதில் எங்கள் பெட்டி ஒன்று. அதன் காவல் பாக்கியம் ஆன்ட்டி. பள்ளிக்கூடக் கேன்டீனில் கடை வைத்திருப்பவர், மாலையில் தோட்டத்துக்கு வருவார். பெட்டிக்கு அடியில் எண்ணெய் தடவிய அட்டை வைத்திருப்போம், உதிர்ந்த உண்ணி அதில் ஒட்டும். நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று வரை வந்து, கண் கலங்கி, மறந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

"என்னடி கண்ணு, பூச்சியைப் பார்த்தா அழறே?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அடுத்த நிமிடமே மேலே தன் வீட்டுக்குப் போய், தக்காளி சாஸ் பாட்டில் நிறைய ஓமத் தண்ணீரோடு இறங்கி வந்தார். பால் வற்றுகிறது, வேறொன்றுமில்லை என்பது அவர் கணிப்பு. பிள்ளைக்கு அரைக் கரண்டி, தாய்க்கு ஒரு டம்ளர். ஓமத்தை வறுத்துப் பொடித்துச் சுடுசோற்றில் நெய்யோடு. பால்சுறா கிடைத்தால் புட்டு, அதிலும் கொஞ்சம் ஓமம். நான் வரிசையாக எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். தன்யாவுக்குக் கொடுக்கப் பயமாக இருந்ததால் அவள் பங்கையும் நானே குடித்தேன்.

ஒரு வாரம் இப்படி. பகலில் பெட்டிக்கு ஓமம், இரவில் எனக்கு ஓமம். தன்யா என்னிடம் வருவதேயில்லை, நான் அளவைக் கூட்டினேன். அடுத்த முறை ஈசூன் போனபோது ஆன்ட்டி வெண்டைச் செடிக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்தார், என்னைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் நிமிராமலே பூரிப்போடு குரல் கொடுத்தார். "வரும்போதே வாசனை தெரியுது. சொன்னபடி ஒழுங்கா சாப்பிடுறே. வந்துடும், பால் வந்துடும்."

காவல்காரி

மூன்றாவது வாரம் புக்கிட் மேராவில் ஒரு காலை. எட்டுப் பெட்டிகளில் இரண்டு இளைத்துப்போயிருந்தன, ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சாதாரணமாக இது பெரிய வேலை. வேறு வீட்டு வாசனையோடு வருவதைத் தேனீக்கள் சேர்க்காது, சண்டை வரும். அதனால் நடுவில் செய்தித்தாள் வைத்து, அவை அதைக் கடித்துத் துளை போடுவதற்குள் வாசனை கலந்துவிடும்படி செய்வோம். அன்று கலா தாளே வைக்கவில்லை. ஒரு பெட்டியைத் தூக்கி மற்றதன் மேல் வைத்தாள். இரண்டிலும் ஒரே ஓம நெடி. உள்ளே ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். யார் யார் என்று அவற்றுக்கே தெரியவில்லை.

அப்போது ஒன்பதாவது பெட்டியின் தண்ணீர்த் தட்டில் ஒரு தேனீ விழுந்து தவித்துக்கொண்டிருந்தது. காலில் மஞ்சள் மகரந்தப் பொட்டலம் அப்படியே. உள்ளங்கையில் எடுத்து, ஊதி, இறகு காயும்வரை வைத்திருந்து, அதன் சொந்த வாசலில் கொண்டுபோய் விட்டேன். அது நடந்து போனது. வாசல் காவல்காரி வந்தாள், முகர்ந்தாள், தலையால் முட்டித் தள்ளினாள். அது மறுபடி போனது. இரண்டு காவல்காரிகள் சேர்ந்து இறகைப் பிடித்து இழுத்து விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெட்டியில் பிறந்து, அன்று காலை அங்கிருந்தே பறந்துபோய், அந்த வீட்டுக்கென்று சுமையும் கொண்டுவந்த பிள்ளை.

"ஏன் கலா? அது இந்த வீட்டுதுதானே. நான் ஒண்ணும் பண்ணலையே, தூக்கித்தானே விட்டேன்" என்றேன்.

தேனீக்களை அடக்கப் புகை ஊதும் குடுவையைக் கலா கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "தூக்கினது எந்தக் கை? அதை மூக்குகிட்ட கொண்டு போ."

கமாவோடு ஒரு ராஜினாமா

கை, முழங்கை, சட்டைக் காலர், பின்னல் என்று எல்லாவற்றையும் லிஃப்டுக்குள் முகர்ந்து பார்த்தேன். எல்லாம் ஓமம். நாள் முழுக்கச் சுவாசித்ததில் என் மூக்கு அதை மறந்தே போயிருந்தது. தன்யா முகம் திருப்பிய முதல் நாள், நான் வெறும் கையால் பஞ்சு அள்ளிய நாள். அவள் கோபப்படவில்லை. மடியில் தூக்கியது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. நிம்மதியில் சிரித்தேன், சிரித்த வேகத்தில் பயமும் வந்தது. எடை போட ஒரு வாரம்தான் இருந்தது. மருந்து வைப்பதோ இன்னும் மூன்று முறை பாக்கி. மூடிய அறைகளுக்குள் இருக்கிற உண்ணி வெளியே வர வர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அதுவரை செய்தது வீண்.

ஆகவே அன்று சாயங்காலமே மிஸ்டர் கோவுக்கு ஆங்கிலத்தில் ஒரு ராஜினாமா எழுதினேன். ஓரம் விட்டு, பத்தி பிரித்து, கமா தவறாமல், காரணங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு. பெட்டிகளைப் பாதி வைத்தியத்தில் விட முடியாது, பிள்ளையையும் பசியில் விட முடியாது, இரண்டில் ஒன்றை என்னால் தேர்ந்தெடுக்க முடிவது இப்படித்தான் என்று முடித்திருந்தேன். அதை அவரிடம் நீட்டியபோது பக்கத்து நாற்காலியில் கலா நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருந்தை அவள் வைப்பதாகவும், ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்துப் புழு வளர்ப்பை நிறுத்துகிற வேலையையும் அட்டை எண்ணுவதையும் ஒன்பதாவது பெட்டியையும் நான் பார்ப்பதாகவும் அவள் அவரிடம் முன்பே பேசி முடித்துவிட்டிருந்தாள். எனக்குத்தான் தெரியாது.

மிஸ்டர் கோ என் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தார். மடித்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைச் சொல் மாறாமல் தருகிறேன். "நான் டுரியான் பழம் சாப்பிட்டு அந்த நாற்றத்தோடு வந்தால் என் மனைவி என்னை ஹாலில் படுக்கச் சொல்வாள். இருபத்திரண்டு வருடமாக. இதுவரை யாரும் ராஜினாமா செய்ததில்லை."

காதுக்குப் பின்னால்

வாசனையை ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் பாடு. வேலை உடுப்புகளை நிறுவனத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். ஓமச்சோற்றை நிறுத்தினேன். பாக்கியம் ஆன்ட்டியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், பால் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னொரு பாட்டில் கொடுத்தார். கலா முறை வந்த மாலைகளில் மருந்து வைத்தாள், தினமும் அட்டைகளை ஒரு பையில் போட்டு வேன் பின்கதவில் மாட்டிவிடுவாள். நான் காலையில் எடுத்து எண்ணுவேன். எண்கள் முதலில் எகிறின, அது நல்லது, உண்ணி உதிர்கிறது என்று அர்த்தம். பிறகு தினம் தினம் இறங்கின. "உனக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கலாவைக் கேட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, பையை வைக்க இடம் கிடைக்கிறது என்றாள்.

தலைமுடிதான் விடவில்லை. இரண்டு சாயங்காலம் பிரகாஷ் சமையலறை ஸ்டூலில் என்னை உட்காரவைத்து, கைகழுவும் தொட்டியில் தலையைக் குனியவைத்து, சீயக்காய் போட்டு அலசினார். தன்யா உயர நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சியைப் பூசிக்கொண்டு இதை வேடிக்கை பார்த்தாள். அலசி முடித்ததும் கழுத்து, தோள், உச்சி என்று ஒவ்வொரு இடமாக முகர்வார், தர ஆய்வாளர் மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு முடிவுக்குக் காத்திருப்பேன்.

மூன்றாம் நாள் தன்யா என் தோளில் தலையைச் சாய்த்தாள். கழுத்தில் மூக்கை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். குடிக்கவில்லை. ஆனால் தள்ளவும் இல்லை, அப்படியே தூங்கிவிட்டாள். என்னால் அசைய முடியவில்லை. பிரகாஷ் மெதுவாகக் குனிந்து, அவளை எழுப்பாமல் என் காதருகே வந்தார். ஏதோ அன்பாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "காதுக்குப் பின்னால இன்னும் கொஞ்சம் இருக்கு. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

எண் கூப்பிடும் வரை

நாலாவது வாரம் முடிந்த காலை. பாலிகிளினிக்கில் எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் பதினாறு பேர். முதல் நாள் புக்கிட் மேராவில் மாவு உருட்டிப் பார்த்திருந்தோம், இரண்டே உண்ணி. சிவா பத்தடியிலிருந்து எட்டடிக்கு வந்திருந்தார். அதையெல்லாம் நினைத்துத் தைரியம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன், ஒன்றும் ஏறவில்லை. ராஜினாமாக் கடிதம் கைப்பையிலேயே இருந்தது. எடை ஏறாவிட்டால் தேதியை மட்டும் மாற்ற வேண்டும்.

தன்யா மடியில் நெளிந்தாள். என் சட்டையைப் பிடித்தாள், வாயைத் திறந்து தேடினாள். நம்பிக்கையில்லாமல்தான் சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு வைத்தேன். பற்றிக்கொண்டாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபடியே, ஒரு கையால் என் மோவாயைத் தட்டியபடியே, அவசரமில்லாமல் குடித்தாள். எங்கள் எண் பலகையில் வந்தது. பிரகாஷ் எழுந்தார், என் முகத்தைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். எண் போய்விட்டது. தாதியே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சால்வையைப் பார்த்ததும் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அப்புறம் இன்னொன்று. நான் அழுவது சால்வைக்கு மேலே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எதிரே இருந்த ஒரு சீனப் பெண் தன் டிஷ்யூ பொட்டலத்தை என் முழங்காலில் வைத்துவிட்டுப் போனாள்.

தராசில் போட்டபோது எடை ஏறியிருந்தது. நல்ல தக்காளிகள் ஐந்தாறு சேர்த்து வைத்த அளவு. புள்ளி இன்னும் கோட்டுக்குக் கீழேதான், ஆனால் கோட்டைத் தொட்டுவிடுகிற தூரம். டாக்டர் வேண்டாம், இன்னும் நாலு வாரம் கழித்து வாருங்கள் என்றார் தாதி. எதையும் மறைக்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். "சிஸ்டர், இப்பத்தான் வயிறு முட்டக் குடிச்சா. அந்தப் பாலும் இதுல சேர்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் புள்ளியை அழுத்தி வட்டமாக்கினார். "உள்ள போனது இனிமே அவளுது. நீங்க கழிக்காதீங்க."

மற்றபடி, விடாமல் வைத்துக்கொண்ட இந்த வேலை என் பயத்தை ஒன்றும் போக்கிவிடவில்லை. எந்தக் கிழமை எதற்குப் பயப்படுவது என்று ஓர் அட்டவணை மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறது.